சானடோரியம் என்றொரு நிறுத்தம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர்ப்பலகை வருகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அப்பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குகின்றனர். பல்லாவரம், மீனம்பாக்கம் போல அதுவும் ஓர் ஊர்ப்பெயர் என்றே பெரும்பாலோர் எண்ணியிருக்கக்கூடும். ஒரு மருத்துவக் கொள்கை ஊர்ப்பெயராக உறைந்துபோன இடம் அது என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, ஊராரிடமிருந்து விலகல் ஆகியவையே காசநோய்க்கு மருந்து என்பது அக்கொள்கை. 1850களில் ஹெர்மன் பிரெமர் என்ற மருத்துவர் சிலேசியாவின் மலையூர் ஒன்றில் தொடங்கிய அம்முறை, ஐரோப்பா முழுவதிலும் பரவியது. இந்திய மருத்துவரான டேவிட் சௌரி முத்து, இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்திவந்தார். 1917இல் அங்கே சேர்ந்த நோயாளிகளுள் ஒருவர் கணிதமேதை ராமானுஜன். பின்னர் இந்தியா திரும்பிய சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் தம் சானடோரியத்தைத் தொடங்கினார். இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை.

ராமானுஜன் அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1920 ஏப்ரலில், சென்னை சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் காலமாகியிருந்தார். அவரைக் கொன்றது காசநோய்தானா, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயா என்ற ஐயத்தைப் பிற்கால மருத்துவர்கள் எழுப்பியுள்ளனர். ஆனால் அன்றைய மருத்துவர்கள் அவரைக் காசநோயாளியாகவே கொண்டனர். எண்களின் வழியே உலகைக் கண்ட மனிதர், தம் நோயின் கணக்கில் ஒருவேளை தவறான கட்டத்தில் வைக்கப்பட்டார். அவர் இறந்த அதே சேத்துப்பட்டில்தான், 36 ஆண்டுகளுக்குப் பிறகு, காசநோயைப் பற்றி உலகம் கொண்டிருந்த எண்ணத்தை மாற்றிய கணக்கு ஒன்று தொடங்கிற்று. இக்கட்டுரையில் நாம் சொல்ல முனைவது அக்கணக்கின் கதையையும், அதன் விடையை நாம் சற்றுத் தவறாகப் படித்த கதையையும்.

*

க்ஷயம், ராஜயக்ஷ்மா, என்புருக்கி, காசம் என்று நம் மொழியில் இந்நோய்க்குப் பெயர்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை நோயாளியைக் குறித்தவை. உடல் தேய்வதையும் எலும்பு உருகுவதையும் சொல்பவை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்வதை அவற்றுள் எதுவும் சொல்வதில்லை. நோய் குடும்பத்தோடு வருவது, விதியோடு வருவது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் அதன் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்த பின்னரே, நோய்க்கு ஒரு பயணம் உண்டு என்பது ஐயமற நிலைபெற்றது.

தமிழ் இலக்கிய வாசகர்களுக்கு இந்நோயின் பெயரோடு முதலில் நினைவில் எழுபவர் புதுமைப்பித்தன். திரைப்பட வேலைக்காகப் புனே சென்றவர், நோயோடு திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அவருக்கு வயது 42. அந்த ஆண்டை நாம் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து காசநோயைக் குணப்படுத்தும் திறனுடையது என்பதைக் குலுக்கல் முறையில் ஆளெடுத்து நிறுவிய பிரிட்டனின் புகழ்பெற்ற ஆய்வு வெளிவந்தது 1948இல். சென்னைக் கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வுக்கூடம் எழுந்ததும், மதனப்பள்ளியில் இந்தியாவின் பி.சி.ஜி. இயக்கம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். மருந்து வந்துசேரும் வாசலில் நம் உரைநடையின் பேராளுமை ஒருவர் விழுந்தார்.

அவர் ஒருவரல்லர். ஜோசஃப் போர் தலைமையில் அமைந்த சுகாதாரக் குழு 1946இல் அளித்த அறிக்கை, இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுக்கு 5 லட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்காக நாடு முழுவதும் இருந்த மருத்துவமனைப் படுக்கைகள் சுமார் 6,000. சானடோரியக் கொள்கை எவ்வளவு அழகியதாயினும், இந்த வகுத்தல் கணக்கில் அது தோற்றுவிடுகிறது. நோயாளிகள் அனைவரையும் மரநிழலில் சாய்வுநாற்காலியில் அமர்த்துவதற்கு இந்நாட்டில் நாற்காலிகள் இல்லை.

*

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் ஆண்டுகளை வழிநடத்தினார். அவர்கள் எழுப்பிய கேள்வி எளியது. வீட்டிலேயே இருந்து மருந்து உண்ணும் ஏழை நோயாளி, சானடோரியத்தில் இருந்து அதே மருந்தை உண்ணும் நோயாளி அளவுக்குக் குணமடைவாரா?

நகரின் நெருக்கடியான பகுதிகளிலிருந்து 193 நோயாளிகள் தெரிவு செய்யப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியம் செல்வது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற இரு மருந்துகள் ஓராண்டுக்கு அளிக்கப்பட்டன. சானடோரியத்தில் இருந்தோர் ஓய்வெடுத்தனர், நன்றாக உண்டனர், உடல் எடை கூடினர். வீட்டில் இருந்தோர் குறைவாக உண்டனர், கூடுதலாக உழைத்தனர், ஒற்றை அறைக் குடித்தனங்களில் பலரோடு உறங்கினர். ஓராண்டு முடிவில் சானடோரியத்தாருள் 92 விழுக்காட்டினரும் வீட்டிலிருந்தோருள் 86 விழுக்காட்டினரும் நோய் அடங்கிய நிலையில் இருந்தனர். ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணித்தபோதும் இரு சாராருக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எழவில்லை.

1959இல் இம்முடிவு வெளிவந்தபோது, ஒரு நூற்றாண்டாகக் கட்டியெழுப்பிய மாளிகை ஒன்றின் அடித்தளம் அசைந்தது. மருந்து ஒழுங்காகச் சென்றால், மலைக்காற்று இன்றியமையாததன்று என்பது தெளிவாயிற்று. மேலை நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு மருந்துகளின் வருகையே முதற்காரணம். எனினும் மருத்துவர்களுக்கு அத்துணிவைத் தந்தவற்றுள் சென்னையின் சான்றும் ஒன்று.

ஆயினும் ஓர் அச்சம் எஞ்சியிருந்தது. நோயாளி குணமாகலாம், அவரோடு ஒரே அறையில் வாழும் மனைவி மக்களின் கதி என்ன?

*

இவ்வினாவுக்கு விடை காண, நோய் எவ்வாறு பயணம் செய்கிறது என்பதை நாம் அறிந்தாக வேண்டும். காசநோய் நுரையீரலைத் தாக்கியவர் இருமும்போதும் பேசும்போதும் நுண்ணிய நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. பெரியவை தரையில் விழுந்துவிடுகின்றன. சிறியவை காற்றில் உலர்ந்து, சில மைக்ரான் அளவே உள்ள துகள்களாகி, மணிக்கணக்கில் மிதக்கின்றன. பாத்திரங்களால் அன்று, எச்சில் தட்டால் அன்று, பெரும்பாலும் இம்மிதக்கும் துகள்களால்தான் நோய் பரவுகிறது. நம் வீடுகளில் நோயாளிக்கென்று ஒதுக்கிவைக்கப்பட்ட தனித் தட்டும் தனித் தம்ளரும் எத்தனை மனங்களைப் புண்படுத்தியிருக்கும் என்பதை எண்ணும்போது, இந்த ஒரு செய்தியின் கனம் விளங்கும். சன்னலைத் திறப்பதே பயனுள்ள செயலாக இருந்தது. தட்டை ஒதுக்கியது தண்டனையாக மட்டுமே இருந்தது.

இதை ஐயமற நிறுவியது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி நடத்திய ஆய்வு. 1950களின் இறுதியில், காசநோயாளிகள் படுத்திருந்த மருத்துவமனை அறைகளின் காற்றைக் குழாய்வழியே மேலே கொண்டுசென்று, கூண்டுகளில் இருந்த சீமை எலிகளைச் சுவாசிக்கச் செய்தார். நோயாளிகளை அவை கண்டதில்லை, தொட்டதில்லை. ஆயினும் அவற்றுள் பல நோய்த்தொற்றுக்கு ஆளாயின. புற ஊதாக் கதிரால் தூய்மை செய்த காற்றைச் சுவாசித்தவை தப்பின. அதைவிட முக்கியமாக, எல்லா நோயாளிகளும் ஒரேபோல் நோயைப் பரப்பவில்லை. சிலரே பெருமளவு பரப்பினர். மருந்து உண்ணத் தொடங்கியவர்கள் பரப்பியது மிகக் குறைவு.

சென்னை மையமும் தன் 193 நோயாளிகளின் குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தது. 1966இல் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. நோயாளியை ஓராண்டு சானடோரியத்தில் பிரித்துவைத்த குடும்பங்களிலும், வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களிலும் புதிதாக நோயுற்றோர் அளவு ஏறத்தாழ ஒன்றே. காரணம், நோயாளி மருத்துவரிடம் வருவதற்கு முன்பே, பல மாதங்கள் இருமிக்கொண்டிருந்த காலத்திலேயே, குடும்பத்தார் தொற்றைப் பெற்றுவிட்டிருந்தனர். சுவர் எழுப்பப்பட்டபோது திருடன் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தான்.

காசநோய்க் கட்டுப்பாட்டின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு முடிவுக்குள் அடக்கிவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. அஞ்சத்தக்கவர் மருந்துண்ணும் நோயாளி அல்லர். இன்னும் எவராலும் நோயாளி என்று அறியப்படாதவரே நோயைச் சுமந்து திரிபவர். அவரே அதை அறியார் என்பதால், அவரைப் பழிப்பதற்கும் இடமில்லை.

*

சென்னை ஆய்வு மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. ஓராண்டுக்கு நாள் தவறாமல் மருந்துண்பது மனித இயல்புக்கு எளிதன்று. சில வாரங்களில் இருமல் அடங்கும், பசி எடுக்கும், வேலைக்குப் போகத் தோன்றும். பாஸ் மருந்தோ வயிற்றைப் புரட்டுவது. ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்தின் சுவடு உண்டா என்று பார்த்தனர். உண்டதாகச் சொன்னவர்களுள் சிலர் உண்ணவில்லை என்பது புலனாயிற்று. அக்கடமை தவறியவர்களை ஃபாக்ஸ் குற்றவாளிகளாகக் கருதவில்லை. சிகிச்சை முறையின் குறையாகவே கருதினார். வாரம் இருமுறை மையத்துக்கு வந்து, பணியாளர் கண்முன் மருந்து பெறும் முறை சோதிக்கப்பட்டு, அது நாள்தோறும் வீட்டில் உண்பதற்கு இளைத்ததன்று என்பது 1964இல் நிறுவப்பட்டது. 1990களில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரப்பப்பட்ட நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று சேத்துப்பட்டில் இருக்கிறது.

மருந்தை எண்ணியாயிற்று. நோயாளிகளை எண்ணுவது எப்படி?

கிணற்றில் நிற்கும் நீர் ஒரு கணக்கு. அதில் ஆண்டுதோறும் ஊறும் நீர் வேறொரு கணக்கு. ஒரு குறிப்பிட்ட நாளில் ஊரில் எத்தனை நோயாளிகள் உள்ளனர் என்பது முன்னது. ஓராண்டில் எத்தனை பேர் புதிதாக நோயுற்றனர் என்பது பின்னது. நிற்கும் நீர் குறைந்ததைக் கண்டு நாம் மகிழ்ந்துவிட முடியாது. நோயாளிகள் குணமானாலும் அது குறையும், இறந்தாலும் குறையும். பெங்களூரு தேசியக் காசநோய் நிறுவனம் 1960களில் அந்நகரைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஐந்தாண்டுகள் நடத்திய ஆய்வு, முறையான சிகிச்சைத் திட்டம் எட்டாத நிலையில் இந்நோய் என்ன செய்யும் என்பதைக் காட்டியது. சளியில் கிருமி கண்டறியப்பட்டவர்களுள் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்திருந்தனர். மூன்றில் ஒருவர் தாமாகவே தேறியிருந்தனர். எஞ்சிய ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர், இன்னும் இருமிக்கொண்டு, இன்னும் கிருமியைக் காற்றில் விட்டுக்கொண்டு உயிரோடிருந்தனர்.

மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. அது குழந்தைகளின் முன்கையில் எழுதப்படுவது. காக் மருந்தென்று எண்ணி 1890இல் அறிவித்துத் தோல்வியடைந்த டியூபர்குலின் என்ற பொருள், பின்னர் தொற்றைக் கண்டறியும் கருவியாக மறுபிறவி எடுத்தது. தோலில் அதைச் செலுத்தினால், முன்பே தொற்றுப் பெற்றவர்க்கு இரண்டு மூன்று நாள்களில் அவ்விடம் தடிக்கும். ஏழு வயதுக் குழந்தையின் கையில் தடிப்பு எழுந்தால், கடந்த ஏழாண்டுகளுக்குள் இருமும் ஒருவரின் காற்றை அது சுவாசித்திருக்கிறது என்று பொருள். ஓர் ஊரின் குழந்தைகளை இவ்வாறு சோதித்து, ஓராண்டில் ஒருவர் தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடலாம். கரேல் ஸ்டிப்லோ இக்கணக்கை வளர்த்தெடுத்தவர்களுள் தலையாயவர். சிகிச்சையற்ற நோயாளி ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துப் பேருக்கு மேல் தொற்றைத் தருகிறார் என்பது அவர் வழியே நாம் அறிந்தது. தொற்றுப் பெற்ற அனைவரும் நோயுறுவதில்லை. பத்தில் ஒருவரோ அதனினும் குறைவானோரோதான் வாழ்நாளில் நோயாளியாகின்றனர். ஏனையோரிடம் கிருமி உறங்குகிறது.

1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எக்ஸ்ரே வண்டிகளோடு நாட்டின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு, காசம் நகரத்து நோய் என்ற நம்பிக்கையை உடைத்தது. கிராமங்களிலும் அது ஏறத்தாழ அதே அளவில் இருந்தது. சானடோரியங்களை எட்டாததால் கிராமத்து நோயாளிகள் எவர் கண்ணிலும் படவில்லை, அவ்வளவே.

கண்ணில் படாமை அவர்களின் அறியாமையால் விளைந்ததா? பானர்ஜியும் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் நடத்தி 1963இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ கோளாறு என்று உணர்ந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடியும் சென்றிருந்தனர். அங்கே பலர் பெற்றது ஒரு புட்டி இருமல் மருந்து. அவர்கள் வந்தனர், நாம்தான் அவர்களைக் காணவில்லை.

*

இனி நம் செங்கல்பட்டுக்கு வருவோம். அதற்கு முன் ராஜாஜியைப் பற்றி ஒரு சொல். பிரான்சில் கால்மெட், கெரேன் இருவரும் பதின்மூன்றாண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்து வீரியம் குறைத்த மாட்டுக் காசநோய்க் கிருமியே பி.சி.ஜி.; 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு அளிக்கப்பட்டது. இந்தியாவில் அதை லட்சக்கணக்கான குழந்தைகளுக்குச் செலுத்தும் இயக்கம் நடந்தபோது, ராஜாஜி 1955இல் அதை எதிர்த்துத் தனி நூலே எழுதினார். உயிருள்ள கிருமியை நலமான குழந்தைகளின் உடலில் பெருந்திரளாகச் செலுத்துவது அறமாகாது என்பது அவர் கட்சி. மத்திய அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் இயக்கத்தின் பக்கம் நின்றார். எழுத்தாளரின் வாதம் உணர்ச்சியால் கனத்திருந்தது. அரசின் வாதம் நம்பிக்கையால். இந்நாட்டு மக்களிடம் தடுப்பூசி எவ்வளவு பயன் தருகிறது என்று பேரளவில் அளந்த எண் இரு தரப்பிடமும் இல்லை.

அந்த எண்ணைத் தேடி 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 3,60,000 மக்கள் வாழ்ந்த பகுதி. அவர்களுள் சுமார் 2,60,000 பேர் பி.சி.ஜி. ஊசியோ, மருந்தற்ற வெற்று ஊசியோ பெற்றனர். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. பத்து வயது கடந்தோருக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது, சளி சோதிக்கப்பட்டது, ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகப் பின்தொடர்ந்தனர். பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடையே இதே தடுப்பூசி நான்கில் மூன்று பங்கு நோயைத் தடுத்திருந்தது. செங்கல்பட்டிலும் அவ்வாறே இருக்கும் என்று எதிர்பார்த்தனர்.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979இல் வெளியானது. நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பு ஏதுமில்லை. பதினைந்தாண்டுக் கணக்கு 1999இல் வெளிவந்தது. அதுவும் அதையே சொன்னது. மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகளோடு இப்பகுதி மக்களுக்கு இளமையிலேயே ஏற்படும் பழக்கம், தடுப்பூசியின் விளைவை மறைத்துவிடுகிறது என்பது சொல்லப்படும் விளக்கங்களுள் முதன்மையானது.

இம்முடிவை ராஜாஜியின் வெற்றி என்று சொல்வது பிழை. தடுப்பூசி தீங்கானது என்று செங்கல்பட்டு சொல்லவில்லை. மூளைக்காய்ச்சல் போன்று குழந்தைகளைக் கொல்லும் கடுங்காசத்திலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பது வேறு ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. அதற்காகவே இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகிறது. இருமும் பெரியவர்களின் தொகையை அது குறைப்பதில்லை என்பதே செங்கல்பட்டின் செய்தி. ஆண்டுக்கணக்கில் உழைத்து, 'பயனில்லை' என்ற ஒற்றைச் சொல்லை மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மையை நாம் போற்ற வேண்டும். தம் கைகளை ஊசிக்கு நீட்டிய அந்தக் கிராமத்து மக்களின் பெயர்களை எந்த நூலும் சொல்லாது. ஆனால் உலகின் மருத்துவ நூல்களில் 'செங்கல்பட்டு' என்ற சொல் அழியாமல் நிற்கிறது.

*

அதே நிலப்பரப்பில், திருவள்ளூர் மாவட்டத்தில், 1999இல் டாட்ஸ் முறை நடைமுறைக்கு வந்தது. சேத்துப்பட்டு மையத்தார் மீண்டும் மீண்டும் கணக்கெடுத்தனர். லட்சம் பேருக்குச் சுமார் 600 ஆக இருந்த கிருமியுள்ள நோயாளிகளின் தொகை, ஈரிரண்டு ஆண்டு இடைவெளிகளில் 450 என்றும் 310 என்றும் இறங்கிற்று. நோயாளியைக் கண்டு, மருந்தை உறுதிசெய்தால், ஊரின் நோய் இறங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அடுத்த கணக்கெடுப்பில் இறக்கம் நின்றது. எண் சற்று ஏறவும் செய்தது. மருந்து மட்டும் போதாதோ என்ற ஐயம் எழுந்தது அப்போதுதான்.

2019 முதல் 2021 வரை நாடு தழுவிய கணக்கெடுப்பு மறுபடி நடந்தது. காசநோய்க்குரிய அறிகுறி இருந்தவர்களுள் 64 விழுக்காட்டினர் எந்த மருத்துவரிடமும் சென்றிருக்கவில்லை. கண்டறியப்பட்ட நோயாளிகளுள் பத்தில் நால்வருக்கு மேல் எக்ஸ்ரே எடுத்திராவிட்டால் தப்பிப் போயிருப்பர். அறிகுறியை மட்டும் கேட்டுச் சென்றிருந்தால் அவர்கள் கணக்கில் வந்திருக்கமாட்டார்கள். தும்கூர் ஆய்வுக்கு ஏறத்தாழ அறுபதாண்டுகளுக்குப் பிறகும், காணப்படாதவரே நோயின் நடுப்புள்ளி. 2025க்குள் காசநோயை ஒழிப்பதென 2018இல் அறிவிக்கப்பட்ட இலக்கை நாடு எட்டவில்லை. 2023இல் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேர் புதிதாக நோயுற்றனர். நான்கில் ஒருவருக்குச் சற்று மேல் இந்தியர்.

இவ்விடத்தில்தான் நாம் தொடக்கத்தில் சொன்ன தவறான வாசிப்புக்கு வருகிறோம். மருந்து உண்பவர் குணமடைய ஊட்டமான உணவு இன்றியமையாததா என்று 1956இல் சென்னையில் கேட்டனர். இல்லை என்று விடை வந்தது. நாளடைவில் அவ்விடையை, காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பே இல்லை என்பதாக நாம் நீட்டிக்கொண்டோம். சானடோரியத்தை மூடியபோது அதன் சமையற்கட்டையும் சேர்த்து மூடிவிட்டோம். தொற்றுப் பெற்றவர்களுள் யாரிடம் கிருமி உறங்கும், யாரிடம் விழித்தெழும் என்ற கேள்வியை எவரும் அந்த ஆய்வில் கேட்டிருக்கவில்லை.

அதைக் கேட்டது, ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019இல் தொடங்கி நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் தலைமையிலான அவ்வாய்வில் சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்றது. 2,800 நோயாளிகள், அவர்தம் குடும்பத்தார் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள் தரப்பட்டது. குடும்பத்தாருள் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் தரப்பட்டன. 2023இல் வெளிவந்த முடிவின்படி, உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தது 39 விழுக்காடு குறைவு. கிருமி உறுதியான நோய் 48 விழுக்காடு குறைவு. செங்கல்பட்டில் ஊசி செய்யாததை ஜார்க்கண்டில் அரிசியும் பருப்பும் செய்தன.

தமிழ்நாட்டிலும் அந்தத் திசையில் ஒரு நகர்வு நிகழ்ந்துள்ளது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறிந்தவுடனேயே நோயாளியின் எடையும் உயரமும் அளக்கப்படுகின்றன. மூச்சின் நிலை பார்க்கப்படுகிறது. துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று சோதிக்கப்படுகிறது. மிக மெலிந்தோரும் நலிந்தோரும் உடனே மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர். அனைவரையும் படுக்கையில் கிடத்துவது பழைய கொள்கை. எவரும் படுக்க வேண்டியதில்லை என்பது அதற்கடுத்த கொள்கை. யாருக்குப் படுக்கை வேண்டும் என்று எடைப்பொறியைக் கேட்டறிவது இன்றைய வழி.

ஒரு நோயின் வரலாற்றை எழுதுகையில் கிருமியின் பெயரும் மருந்தின் பெயரும் முன்னால் வந்து நிற்கின்றன. நாம் கண்டவரை, இந்நோயின் வரலாறு யாரை எண்ணினோம், யாரை எண்ணாமல் விட்டோம் என்பதன் வரலாறாகவே இருக்கிறது. சேத்துப்பட்டின் ஒற்றை அறைக் குடித்தனத்தார் எண்ணப்பட்டதால் உலகெங்கும் நோயாளிகள் தம் வீட்டிலேயே வாழும் உரிமை பெற்றனர். செங்கல்பட்டுக் கிராமத்தார் எண்ணப்பட்டதால் ஒரு தவறான நம்பிக்கை திருத்தப்பட்டது. எண்ணப்படாதோர் இன்னும் இருமிக்கொண்டிருக்கின்றனர்.

மின்தொடர் வண்டி சானடோரியத்தில் அரை நிமிடம் நிற்கிறது. பெட்டிக்குள் யாரோ இருமுகிறார். அருகில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எத்தனை வாரமாக இருமல் இருக்கிறது என்று அவரிடம் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணமில்லை. வண்டி நகர்கிறது.